பட்டாளத்து லாரி

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் விலை கொடுத்து வாங்கத் தக்க பொருள்கள் இன்னின்ன என்று உலகம் ஒரு ஜாபிதா வைத்திருக்கிறது. குடை, மூக்குக் கண்ணாடி, தவணை முறையில் ஒரு ஸ்கூட்டர், சற்றுத் துணிச்சல்காரராயிருந்தால் ஊருக்கு வெளியே அரை கிரவுண்டு மனை. அந்த ஜாபிதாவில் ராணுவ லாரி இல்லை. ஆகையால், சில வருஷங்களுக்கு முன் நாம் ஒரு பழைய ராணுவ லாரியை வாங்கி, வாணியம்பாடிக்குப் பக்கத்திலுள்ள நம் கிராமத்தில் வீட்டுக்கு எதிரே புளிய மரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தியபோது, ஊராருக்கு அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று விளங்கவில்லை. "மணல் ஓட்டப் போறீங்களா, ஸார்?" என்று ஒருவர் ரகசியமாகக் கேட்டார். தலைமை ஆசிரியர், "டியூஷன் வருமானம் அவ்வளவா?" என்று பகிரங்கமாகவே கேட்டார். நம் சகதர்மிணி ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் நமக்கு அதிக பயத்தைக் கொடுத்தது.

வாஸ்தவத்தில் அந்த லாரியை வாங்கியது நாமல்ல, நம் தகப்பனார். பணம் மட்டும் நம்முடையது.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் பழைய மாணவன் ஒருவனுடைய கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து பார்த்தால் தகப்பனாரைக் காணவில்லை. தேடிக்கொண்டு மாந்தோப்பு ஒன்றுக்குள் போனோம். அங்கே ஓலைக் கொட்டகைக்கு அடியில், கோழிகளுக்கும் சாக்கு மூட்டைகளுக்கும் மத்தியில், நீல வர்ணம் பூசிய ஒரு மொக்கை மூக்கு லாரி நின்றது. அதன் மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு தகப்பனார் நின்றார். பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்கிறவர் போலிருந்தது.

"நிஸ்ஸான்டா. ஒன் டன். இதே காடிதான்" என்றார்.

பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர்கள் வண்டியை வண்டி என்று சொல்லமாட்டார்கள். 'காடி' என்றுதான் சொல்வார்கள். தகப்பனார் 1970-ம் வருஷம் சேர்ந்தார். ராணுவத்தின் ஸப்ளை பிரிவில் டிரைவர். பெங்களூரில் பயிற்சி. 1971-ம் வருஷத்து யுத்தம் மூண்டபோது அவர் இன்னும் பயிற்சி முடியாத ரிக்ரூட். யுத்தம் பதின்மூன்று நாளில் முடிந்துவிட்டது. இதைப் பற்றி அவருக்கு ஐம்பது வருஷமாக ஒரு மனத்தாங்கல் உண்டு. பிறகு வடகிழக்கு மலைகளிலும் ராஜஸ்தான் மணலிலும் ரொட்டியும் மண்ணெண்ணெயும் தபாலும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார். 1987-ல் ஹவில்தாராக வெளியே வந்தார். அதற்கப்புறம் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் வேனை ஓட்டினார். அதைப் பற்றி அவர் எப்போதும் பேசியதில்லை.

தோப்புக்காரர் அந்த லாரியை எவரோ வியாபாரியிடம் வாங்கி மாங்காய்க் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். ராணுவம் ஒரு வண்டியை 'கண்டம்' செய்துவிட்டால், ஏலத்தில் மொத்தமாக எடுக்கிற வியாபாரிகள் உண்டு. அவர்களிடமிருந்து எஸ்டேட்காரர்கள், மரக்கடைக்காரர்கள், கிணறு வெட்டுகிறவர்கள் என்று பலரிடம் அது போய்ச் சேரும். தோப்புக்காரர் வசம் ஆர்.சி. புத்தகம் சரியாக இருந்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் கேட்டார். நாம் அந்தத் தொகையை வேறொரு காரியத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தோம். என்ன காரியம் என்பது நம் வீட்டில் இன்றைக்கும் விவாதத்திலிருக்கும் விஷயமாகையால், அதை இங்கே எழுதுவதற்கில்லை.

இந்த லாரியின் பூர்வோத்தரம் சிறிது சுவாரஸ்யமானது. 1947-ல் நம் ராணுவத்துக்குப் பாகமாக வந்த வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டாவது மகா யுத்தத்தில் உழைத்துத் தேய்ந்த ஃபோர்டும் ஷெவர்லேயும் டாட்ஜும்தான். யுத்தம் முடிந்ததும் ஏலம் விட்ட அதே ஜாதி லாரிகளின் மேல் மரத்தினால் கூடு கட்டி எத்தனையோ பேர் பஸ் கம்பெனி நடத்தினார்கள். அதற்கும் முன்னால், யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, பஸ்களின் பின்புறத்தில் கரி அடுப்பு ஒன்றைப் பொருத்தி, கரிவாயுவில் ஓட்டினார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும் என்று நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வண்டியைத் திருத்தியமைத்து ஓட்டுகிற சாமர்த்தியம் நம் நாட்டுக்குப் புதியதல்ல என்பதற்காக இதைச் சொல்ல வந்தோம்.

சொந்தமாக ராணுவ லாரி செய்யவேண்டும் என்ற யோசனைக்கு உருவம் கிடைத்தது வி. கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு மந்திரியாயிருந்த காலத்தில். ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனியிடம் உரிமை பெற்று, 1959-ல் ஜபல்பூரில் 'சக்திமான்' லாரியைச் செய்யத் தொடங்கினார்கள். அப்போது எதிர்க்கட்சிக்காரர்கள், ராணுவத் தொழிற்சாலைகளில் துப்பாக்கிக்குப் பதில் காப்பி வடிக்கும் யந்திரம் செய்கிறார்கள் என்று மேனனைப் பரிகாசம் செய்தார்கள். காப்பி யந்திரம் செய்தது உண்மைதான். தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது அது அவ்வளவு பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. சக்திமானுக்குப் பிறகு ஜப்பானின் நிஸ்ஸான் கம்பெனியிடம் உரிமை பெற்று, இந்த ஒரு டன் லாரியையும், 'ஜோங்கா' என்ற ஜீப்பையும் செய்தார்கள். ஜோங்கா என்பது ஏதோ ஜப்பானியப் பெயர் என்று நாம் வெகு காலம் நினைத்திருந்தோம். ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்காரேஜ் அஸெம்ப்ளி என்பதன் முதலெழுத்துக்களைச் சேர்த்துக் கட்டிய பெயராம். ஜப்பான் தகப்பனுக்கும் ஜபல்பூர்த் தாய்க்கும் பிறந்த குழந்தைக்கு வேறெப்படிப் பெயர் வைப்பார்கள்?

இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றேதான். ஆறு சிலிண்டர், 3956 கன சென்டிமீட்டர், பெட்ரோல். அதாவது, இன்று நம் தெருவில் ஓடும் நடுத்தரக் கார்கள் மூன்றின் எஞ்சின்களைச் சேர்த்துக் கட்டிய அளவு. நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகிறது. பானெட்டைத் திறந்தால் எல்லா உறுப்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. ஸ்பானருக்கும் கைக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். எங்கோ பனியில், விறைத்துப்போன விரலோடு, பத்தாவது பாஸ் செய்யாத ஒரு சிப்பாய் ராத்திரியில் இதை ரிப்பேர் செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்துச் செய்த யந்திரம் அது. நாம் எம்.எஸ்ஸி. பௌதிகம். நமக்கு அதைப் புரிந்துகொள்ள மூன்று மாதம் பிடித்தது.

முதல் கஷ்டம் வர்ணத்தில் வந்தது. நீலத்தைச் சுரண்டிவிட்டுப் பழையபடி பட்டாளத்துப் பச்சை பூசவேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி என்று ஒன்று இருக்கிறது. பாதுகாப்பு இலாகாவுக்குச் சொந்தமானதல்லாத எந்த மோட்டார் வண்டிக்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்பது அது. நியாயமான விதிதான். யார் வேண்டுமானாலும் பட்டாளத்து வேஷத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால் நாடு என்ன ஆவது? இதைத் தகப்பனாரிடம் சொன்னோம்.

"பதினேழு வருஷம் அந்தக் கலர்லதானே இருந்தேன்? என்னைய ஒண்ணும் கேக்கலியே" என்றார்.

இருந்தாலும், சட்டம் என்றால் அவருக்கு மரியாதை உண்டு. மறுநாள் முதல் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு நீலத்தைத் தேய்க்கத் தொடங்கினார். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பின் இரண்டு மணி நேரம். நீலத்துக்குக் கீழே ஒரு சாம்பல் பூச்சு இருந்தது. அதற்கும் கீழே பச்சை. நான்காவது நாள், முன் பம்பருக்கு மேலே, வெள்ளையில் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி மங்கலாகத் தெரிந்தது. அம்புக்குறிக்குப் பக்கத்தில் 81 என்ற இலக்கம். ராணுவ வண்டிகளின் நம்பர் அப்படித்தான் ஆரம்பிக்கும்: அம்பு, பிறகு வருஷம். தகப்பனார் அன்று காப்பி சாப்பிட வரவில்லை. 1981-ல் தாம் எந்த ஊரில் எந்தக் கம்பெனியில் இருந்தோம், அந்த வருஷம் வந்த புது வண்டிகள் எத்தனை, யார் யாருக்கு எது கிடைத்தது என்று விரல்விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். இது அவர் ஓட்டிய வண்டியல்ல. அதை அவரே இரண்டு நாள் கணக்குப் போட்டபின் ஒப்புக்கொண்டார். ஆனாலும், பக்கத்துக் கம்பெனியில் இருந்திருக்கலாம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில் சாம்பல் நிறம் பூசினோம். ஒரு வாரம் அவர் லாரி இருக்கும் பக்கமே போகவில்லை.

இனி, உண்மையான தகராறுக்கு வருகிறோம். அது பெட்ரோல் தகராறு.

இந்த எஞ்சின் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுக்கிறது. மனசு சரியில்லாத நாளில் அதுவும் இல்லை. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய். வாணியம்பாடி பஸ் நிலையத்துக்குப் போய் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கி வந்தால் அதன் அடக்க விலை என்ன என்பதை நம் மகள் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு, சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாள். ஊரில் லாரி, ஜீப் ரிப்பேருக்குப் பேர்போன பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனோம். அவர் லாரியைச் சுற்றி வந்து, பானெட்டைத் திறந்து பார்த்து, மரியாதையாக மூடினார்.

"ஸார், இது யானை. கட்டித் தீனி போட முடியாது. 407 எஞ்சின் ஒண்ணு நம்மகிட்ட இருக்குது. டீஸல். நாலு சிலிண்டர். மாட்டிக் குடுத்தா லிட்டருக்குப் பத்து கண்ணை மூடிக்கிட்டு வரும். ஒன்றரை லட்சம் ஆவும். ஆறு மாசத்துல வாசியா எடுத்துடலாம்" என்றார்.

பாய் சொன்னது தப்பல்ல. இந்த ஜாதி வண்டிகளை வாங்கியவர்களில் அநேகர் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அந்த வண்டிகள் என்றைக்கோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும். நாமும் முக்கால்வாசி சம்மதித்துவிட்டோம். வேலை எப்படி நடக்கும் என்று விசாரித்தோம். பழைய எஞ்சின் உட்கார்ந்திருக்கும் பிடிமானங்களைச் சட்டத்திலிருந்து காஸ் வைத்து அறுத்துவிட வேண்டும். புதிய எஞ்சினையும் பழைய கியர்ப்பெட்டியையும் சேர்க்க நடுவே ஓர் இரும்புத் தகடு கடைந்து போட வேண்டும். டீஸல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும் ஜாதியாகையால், வண்டியின் வேகம் குறையும். அதற்குப் பின்னால் பல் சக்கரத்தையும் மாற்ற வேண்டும். அப்புறம், "ஆர்.சி. புக்கை என்ன செய்வது, பாய்?" என்று கேட்டோம்.

"அதுல பெட்ரோல்னே இருக்கட்டும், ஸார். யாரு பானெட்டைத் தொறந்து பாக்கப் போறாங்க?"

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுப் புத்தகத்துக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. நாம் ஒன்பதாம் வகுப்புக்குப் பௌதிகமும், ஆள் குறைவான வருஷங்களில் குடிமையியலும் நடத்துகிறவர். புத்தகத்தில் ஒன்று, வண்டியில் ஒன்று என்று வைத்துக்கொண்டு ஊர்வலம் வருவது உசிதமாகப் படவில்லை. தவிர, நாளைக்கு ஏதாவது விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ்காரர் பானெட்டைத் திறந்து பார்க்க மாட்டார் என்று பாய் உத்தரவாதம் கொடுக்க முடியுமா? பழைய வண்டிகளுக்கென்று 2021-ல் சர்க்கார் ஒரு தனி ஏற்பாடு செய்தார்களே, அதில் நுழைய முடியுமா என்றும் பார்த்தோம். ஐம்பது வயது நிரம்பிய, ஆதி உருவம் மாறாத மோட்டார் சைக்கிள்களுக்கும் கார்களுக்கும்தான் அந்தச் சலுகை. நம்முடையது லாரி, ஐம்பதும் ஆகவில்லை. கிழவனாகவும் ஒப்புக்கொள்ளாமல், வாலிபனாகவும் ஒப்புக்கொள்ளாமல் நடுத்தெருவில் நிற்கிற ஸ்திதி அதற்கு. நாற்பது கடந்த உபாத்தியாயர்களுக்கு இந்த ஸ்திதி பரிச்சயமானதே.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். எஞ்சினை மாற்றாததற்குச் சட்டம் முழுக் காரணம் அல்ல.

அந்த வருஷத்தில்தான் தகப்பனாருக்கு ஞாபகம் பிசகத் தொடங்கியிருந்தது. இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "இன்னிக்கு டிபன் இல்லியா?" என்று கேட்பார். பேத்தியை நம் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வேலூரில் டாக்டரிடம் காட்டினோம். வயதின் காரியம், மெதுவாகத்தான் போகும், தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும் என்று சொன்னார். டீஸல் விஷயமாகப் பேச பாய் வீட்டுக்கு வந்த அன்று தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசுவதை அவர் கவனிப்பதாகத் தெரியவில்லை. பாய் பேச்சுவாக்கில், "இதுக்கு ஃபயரிங் ஆர்டர் என்னாங்க ஐயா?" என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்டதுதான்.

"ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு" என்றார் தகப்பனார்.

ஆறு சிலிண்டர்களும் எந்த வரிசையில் வெடிக்க வேண்டும் என்ற கிரமம் அது. அரை விநாடிகூட யோசிக்கவில்லை. பிறகு எழுந்து போய், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி, எந்த ஒயர் எந்தப் பிளக்குக்கு என்று பாய்க்கு ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பாய்க்கு அது தெரியாதா? இருந்தாலும், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். திரும்பிப் போகும்போது, தெருமுனையில் நம்மிடம், "407 எஞ்சினை வேற ஆளுக்குக் குடுத்துடறேன், ஸார்" என்றார். நாமும் ஒன்றும் சொல்லவில்லை.

அதே காரணத்தினால் பிளாட்டின முனைகளையும் மாற்றவில்லை. அவற்றுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் சாதனம் வைத்தால் வருஷக்கணக்கில் தொட வேண்டாம். தொட வேண்டாம் என்பதுதான் நமக்கு வேண்டாதது. மாதம் ஒரு தடவை தகப்பனார் மெல்லிய தகடு வைத்து இடைவெளி பார்த்து, முனைகளைத் தேய்த்துச் சரி செய்கிறார். சில மாதங்களில் நான்கு தடவையும் செய்கிறார். முனைகள் சீக்கிரம் தேய்ந்துபோகின்றன. சென்னைக்குப் போகும்போது புதுப்பேட்டையில் புதியது தேடிக்கொண்டு வருகிறோம்.

லாரியில் நாம் செய்த மாறுதல்களில் எல்லாரும் மெச்சியது ஒன்றே ஒன்று. அதன் யோசனை நம்முடையதல்ல. இரண்டு மாதம் மௌனமாயிருந்த சகதர்மிணியினுடையது. ஒரு நாள் காலை, கோலம் போட்டுக்கொண்டே, "மாமாவால அந்த உயரத்துக்குக் கால் தூக்க முடியலை. ஊரெல்லாம் சட்டம் பேசறீங்களே, ஒரு படி வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை. பாய் ஒரு படியும், கதவோரம் பிடித்து ஏற ஒரு கைப்பிடியும் செய்து, பற்றவைப்பு வேண்டாம் என்று போல்ட் போட்டு மாட்டிக் கொடுத்தார். எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். "இது ஆஸ்பத்திரி வண்டியா?" என்று தகப்பனார் முகம் சுளித்தார். யாரும் பார்க்காதபோது உபயோகிக்கிறார்.

காணும் பொங்கலன்று ஏலகிரி போனது ஒரு தனிக் கதை. மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர். சகதர்மிணி குழந்தைகளை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள். லாரியில் நாமும் தகப்பனாரும் மட்டும். எட்டு வளைவுகள் யானை நடையில் ஏறினோம். ஒன்பதாவதில் எஞ்சின் இரண்டு தடவை தும்மிற்று, நின்றுவிட்டது.

சூட்டினால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும் என்று நாம் சொன்னோம். தகப்பனார் மேல்துண்டை நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றி வைத்தார். கால்மணி காத்திருந்தோம். பலிக்கவில்லை. பம்பைக் கழற்றினார். அதனுள்ளே மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுத்துத் தள்ளும் ரப்பர்ச் சவ்வு உப்பி, ஓரத்தில் கிழிந்திருந்தது. இதற்குக் காரணம் பிறகு தெரிந்தது. 2023 முதல் படிப்படியாக, 2025-க்குள் நாடெங்கும், பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எதனால் கலந்து விற்பனைக்கு வந்துவிட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கிற சாராயம். அந்நிய எண்ணெய்க்குக் கொடுக்கிற பணம் குறைகிறது, கரும்பு விவசாயிக்கும் வழி பிறக்கிறது என்கிறார்கள், நல்லதுதான். ஆனால், 1981-ம் வருஷத்து ரப்பருக்குச் சாராயம் ஒத்துக்கொள்வதில்லை, ஊறி உப்பிவிடுகிறது. இதைப் பட்டாளத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அரசாங்க பஸ் ஒன்று நம்மைக் கடந்து மேலே போயிற்று. ஜன்னலில் சகதர்மிணி. அவள் நம்மைப் பார்த்தாள். குழந்தைகள் கையை ஆட்டினார்கள். பஸ் வளைவில் மறைந்தது.

தகப்பனார் இதையெல்லாம் கவனிக்கவில்லை. லாரியின் பின்னால் ஏறி, கருவிப் பெட்டியிலிருந்து நான்கு முழ ரப்பர்க் குழாயை எடுத்தார். அது அங்கே இருந்தது நமக்குத் தெரியாது. பெட்ரோல் டின்னைக் கூண்டு வளையில் உயரமாகக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். குழாயின் ஒரு நுனியை டின்னுக்குள் விட்டு, மற்றதை வாயில் வைத்து உறிஞ்சி, பெட்ரோலைத் துப்பிவிட்டு, கார்புரேட்டரின் மூக்கில் சொருகிக் கம்பியால் இறுக்கினார். பம்பே வேண்டாம், உயரத்திலிருக்கும் பெட்ரோல் தானே இறங்கி வரும். சைஃபனைப் பற்றி இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிற நாம், பக்கத்தில் நின்று, "அப்பா, ஆபத்து, ஆபத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

எஞ்சின் கிளம்பிற்று. நாம் உற்சாகமாக முதல் கியரைப் போட்டோம். பத்து கெஜம் ஏறுவதற்குள் மறுபடி நின்றது.

"மேல ஏறாதுடா. மூக்கு மேல போனா டின்னு கீழ போயிடும். திருப்பு. எறங்கினா ஓடும்" என்றார்.

பௌதிகம் அதுவேதான். மேட்டில் முன்பக்கம் உயர, பின்னால் கட்டிய டின் எஞ்சினுக்குத் தாழ்ந்துவிடும். இறக்கத்தில் நேர்மாறு. அந்தக் குறுகிய வளைவில் ஆறு தடவை முன்னும் பின்னும் போய் லாரியைத் திருப்பினோம். புலவர்களையும் வள்ளல்களையும் ஒவ்வொருவராகக் கடந்து கீழே இறங்கினோம். தகப்பனார் வழி நெடுக, ஒரு தடவை மலையில் இப்படியே இரவு முழுவதும் ஓட்டியதைச் சொல்லிக்கொண்டு வந்தார். முன்பு எப்போதும் சொல்லாத சங்கதி. ஊர்ப் பெயர், ஸுபேதாரின் பெயர், லாரியில் இருந்த உருளைக்கிழங்கு மூட்டைகளின் எண்ணிக்கை, எல்லாம் வந்தது. வீடு வந்து சேர்ந்ததும், "இன்னிக்கு எங்கடா போயிருந்தோம்?" என்று கேட்டார்.

பம்பின் சவ்வு, குழாய்கள், கார்புரேட்டரிலிருந்த ரப்பர் எல்லாவற்றையும் எதனாலைத் தாங்கும் 'வைட்டான்' என்ற புது ரப்பருக்கு மாற்றினோம். இதுவும் மாறுதல்தான், ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. செலவைச் சுவரிலுள்ள காகிதத்தில் மகள் சேர்த்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏலகிரிக்குக் கிளம்பினோம். இந்தத் தடவை சகதர்மிணியும் லாரியிலேயே வந்தாள். கதவோரம் உட்கார்ந்துகொண்டு அந்தக் கைப்பிடியை மட்டும் விடவில்லை. ஒன்பதாவது வளைவில், "மாமா, இங்கேதானே நின்னுட்டீங்க?" என்று கேட்டாள். தகப்பனார் சுற்றிலும் பார்த்தார். அவருக்கு அந்த இடம் தெரியவில்லை. அவர் காது எஞ்சினில் இருந்தது.

"மூணாவது பிளக்கு விட்டு விட்டு அடிக்குது" என்றார்.

நமக்கு ஒன்றும் கேட்கவில்லை. மலைமேல் போய் ஏரிக்கரையில் நிறுத்தி, மூன்றாவது பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். கரி பிடித்திருந்தது. உப்புத்தாளில் தேய்த்துத் திரும்ப மாட்டினோம்.